இடக்கையின் பூவாக்கு

மாமியார் பழனாத்தாள் கதவோரம், பிளாஸ்டிக் நாற்காலியில். நங்கையாள், கணவனின் அக்காள், கட்டில் விளிம்பில். கணவன் நல்லசிவம் மேசைக்கு எதிரே, வண்டிச் சாவியைக் குலுக்கியபடி. மேசைக்கு இந்தப் பக்கம் அவள்.

மேசைமேல் அவளுடைய இடக்கை.

அதையும் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.

அது சும்மா இல்லை. விரிப்பிலிருந்து நூலை உருவிக்கொண்டிருந்தது. வலக்கை அதன்மேல் ஏறி அமர்ந்து அடக்கிப் பார்த்தது. நழுவிக்கொண்டு மறுபடியும் நூலுக்கே போயிற்று.

தட்டில் இரண்டு பொட்டலங்கள். மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்து வந்தவை. ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் செவ்வரளி.

வெள்ளை வந்தால் அவள் ஒன்றாம் தேதி மறுபடியும் வேலைக்குப் போகலாம். சிவப்பு வந்தால், வரவில்லை என்று இன்றே எழுதிப் போட்டுவிட வேண்டும். தட்டச்சுப் பயிலகத்துக்காரர் எவ்வளவு நாள்தான் காத்திருப்பார்? வேறு ஆள் பார்க்கப் போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

பூவாக்குக் கேட்கப் பொட்டலம் எடுப்பது எப்போதும் ஏதாவது குழந்தைதான்.

"கொழந்தை எதுக்கு? அந்தக் கை இருக்குதல்ல," என்றாள் மாமியார். "அதுக்குக் கள்ளங்கபடு தெரியாது. நம்ம பேச்சைக் கேக்காத கை, ஆத்தா பேச்சைத்தான் கேக்கும்."

"கலியாண ஊட்டுல வெச்ச மொய்யைத் திருப்பிப் புடுங்குச்சே, அதுவும் ஆத்தா சொல்லித்தானா?" என்றாள் நங்கையாள்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுகொண்டது.

அவள் நெற்றியில் தழும்புகள். ஒவ்வொன்றும் வலிப்பு வந்து விழுந்த ஒரு நாள். ஒன்று தட்டச்சு இயந்திரத்தின் விளிம்பிலேயே பட்டது, மாணவிகள் எதிரில்.

வலிப்பு மூளையின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குத் தாவாமலிருக்க, நடுவே ஓடிய நரம்புகளைக் கோயமுத்தூரில் வெட்டிவிட்டார்கள்.

விழுவது நின்றது.

கைகள் ஒன்றையொன்று மறந்தன. வலக்கை ஊக்கு மாட்டும். இடக்கை கழற்றும்.

"பெரிய ரோட்டை மூடியாச்சும்மா," என்றிருந்தார் மருத்துவர். "மூடினா வண்டியெல்லாம் சும்மாவா நிக்கும்? வேலி சந்துல இட்டேறித் தடம் தேடி நுழையுமல்ல? மூளை அணுக்களும் அப்படித்தான். எப்பன்னு என்னைக் கேக்காதீங்க. அதுவரைக்கும் கைகிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க. காது ரெண்டு பக்கத்துக்கும் பொது."

வாய்விட்டுச் சொன்னாள். வீட்டில் ஆளில்லாதபோது, இதே மேசையில், இயந்திரம் இருப்பதாக நினைத்துக்கொண்டு.

ஏ. எஸ். டி. எஃப்.

இடக்கை விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கும். சொல்வதை நிறுத்தினால் எழுந்து நூல் உருவப் போய்விடும்.

அவள் சொல்லாமல் ஒரு நாள்கூட அது கேட்டதில்லை.

இப்போது சொல்ல முடியாது. பூ எடுக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது.

கை எழுந்தது. தட்டின்மேல் சுற்றியது. ஒரு பொட்டலத்தைத் தொட்டது. விட்டது. மற்றதை எடுத்துக்கொண்டது.

மாமியார் பிரித்தாள்.

சிவப்பு.

"ஆத்தாளே சொல்லிப்போட்டா." மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன்ற மண்டை மறுக்கா ஒடையறதை என்னால பாக்க முடியாது கண்ணு."

பொய்யில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தவள்தான்.

நங்கையாள் பூவை எடுத்துக்கொண்டு சாமி படத்துக்கு வைக்க உள்ளே போனாள்.

அவள் தன் இடக்கையைப் பார்த்தாள். காட்டிக்கொடுத்த தங்கச்சியைப் பார்ப்பதுபோல. அது உதிர்ந்த ஓர் இதழைக் கசக்கிக்கொண்டிருந்தது.

நல்லசிவம் தாளும் பேனாவும் உறையும் வைத்தான். அவள் எழுதும்போதெல்லாம் தாளைப் பிடித்துக்கொள்வது அவன்தான். இல்லையென்றால் இடக்கை இழுத்துக்கொண்டு போய்விடும்.

கை நீட்டினான். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

ஐயா, என்று எழுதினாள்.

மின்விசிறிக் காற்றில் தாள் துடித்தது. பேனா நின்றது.

இடக்கை இதழை விட்டது. மேசைமேல் ஊர்ந்து வந்தது.

அது தாளின் ஓரத்தில் விரல்களை விரித்தது. அழுத்தியது.

அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

எழுதினாள். வரி முடிந்ததும் இடக்கை தாளை மெல்ல மேலே தள்ளிக் கொடுத்தது, இயந்திரத்தில் வரி மாற்றுவதுபோல.

ஒன்றாம் தேதி காலை வந்துவிடுகிறேன்.

எதிரே சாவிக் குலுங்கல் நின்றது. தலைகீழாகத் தெரிந்தாலும் அவனால் படிக்க முடியும்.

மாமியாருக்கு எழுத்து தெரியாது.

"வர்லைன்னு எழுதியாச்சா கண்ணு?"

அவள் வாய் திறந்தாள்.

"எழுதியாச்சும்மா," என்றான் நல்லசிவம்.

வலக்கை சோற்றுப் பருக்கையை எடுத்து உறையின் மடிப்பில் தேய்த்தது. இடக்கை உறையைப் பிடித்துக்கொண்டது. வலக்கை மடித்தது. இரண்டு கட்டைவிரல்களும் நடுவில் தொடங்கி, ஆளுக்கொரு பக்கமாக ஓரம்வரை அழுத்திப் போயின.

வலக்கை விலகியது. இடக்கை உறையை எடுத்து நீட்டியது.

"பீச்சாங்கைல குடுக்காத, நல்ல சேதியா கெட்ட சேதியா, எதுவானாலும்," என்றாள் மாமியார்.

அவன் எழுந்து நின்றான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

வெளியே வண்டி உதைபட்டுக் கிளம்பியது. தெருமுனையில் தபாலாபீஸ் பக்கம் திரும்பியது.

மடியில் இரண்டு கைகள். பத்து விரல்களும் எதையோ அடித்துக்கொண்டிருந்தன.

அவள் உதடு அசையவில்லை.