முந்திக்கொண்ட கைதட்டல்

திரைச்சீலை வடிகட்டிய மதிய வெயிலில் கூடம் தேன் நிறத்தில் மிதக்கிறது. தொலைக்காட்சியில், ஒலியைச் சுத்தம் செய்து புதிதாக வந்திருக்கும் பழைய கச்சேரிப் படம். பாட்டு நடுவில் ஒரு மூச்சு நேரம் நிற்கும். முடிந்துவிட்டதென்று நினைத்துக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் கைதட்டுவாள். ரசிகர்களின் ஆரவாரத்தைப் பிடிக்கத் தொங்கவிட்ட மைக் அவள் தலைக்கு நேர்மேலே இருந்ததால், அது பளிச்சென்று பதிந்திருந்தது. அவள் இந்த வீட்டு அம்மா. போன வருடம் இறந்துவிட்டாள். அந்தக் கைதட்டல் இருந்த வீட்டுப் பழைய வீடியோ நாடாவும் அறுந்துவிட்டது.

"பஸ் நிக்கறதுக்குள்ள எந்திரிச்சு நிப்பா உங்கம்மா," என்கிறார் அப்பா. "பேசாதீங்கப்பா, வரப்போகுது," என்கிறாள் மகள். பாட்டு நிற்கிறது. துடைத்துவைத்த மௌனம். இரைச்சலை நீக்கியவர்கள் கைதட்டலையும் நீக்கிவிட்டார்கள். படத்தை அணைக்க அப்பாவின் கை ரிமோட்டைத் தேடுகிறது. ஆனால் ஒலியும் படமும் தனித்தனித் தடங்கள். ஒன்றைத் துடைத்தாலும் மற்றது அப்படியே இருக்கும். எதுவும் கேட்காத அந்த மௌனத்தில் பாடகி கூட்டத்தின் பக்கம் திரும்பி, யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். "அவளத்தான்," என்கிறார் அப்பா. மகள் படத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறாள். பாட்டு மறுபடி நிற்கிறது. அப்பா கைதட்டுகிறார். பாடகி திரும்பிச் சிரிக்கிறாள்.