குதிரைக்கு விலா எலும்பு ஆகாது

சரக்கு வாங்க ஸ்பெயினிலிருந்து வந்திருந்த பையர் தோல்துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

சாம்பிள் ரூமில் எல்லார் கண்ணும் அவர் கையிலிருந்த துண்டின் மேல்.

ஃபீபி அவர் முகத்தைப் படிக்கப் பார்த்தாள். அந்தத் தோலில் பதிந்திருந்த குதிரைப் படம் ஓகே ஆனால், ஆம்பூரில் அவர்கள் கம்பெனிக்கு ஒரு வருஷத்துக்கு பூட்ஸ் ஆர்டர். ஆறு வருஷமாகக் காண்டிராக்டில் படம் வரைகிற அவளுக்கு வேலை நிரந்தரம். ஆகாவிட்டால், டிசைனுக்கு எதற்கு ரெண்டு பேர் என்று கேட்பார்கள். அந்த ரெண்டாவது ஆள் அவள்தான்.

பையர் கேட்டது என்னவோ லேசான காரியம். அவர்கள் நாட்டுப் பழைய கதை ஒன்றில் ஒரு கிழட்டு வீரன் வருகிறான், அவனுக்கு ஒரு குதிரை. நானூறு வருஷமாக ஆளாளுக்கு அந்தக் குதிரையைப் படம் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். அதில் ஏழெட்டை மெயிலில் அனுப்பி, இதையெல்லாம் காப்பி அடிக்காமல் உங்கள் ஆளே புதிதாக ஒன்று வரையட்டும், பூட்ஸின் பக்கவாட்டில் பதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

எல்லாப் படத்திலும் குதிரை எலும்பும் தோலும்தான். ஃபீபியும் அப்படித்தான் வரைந்தாள். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். முதுகு தொட்டில் போலத் தொங்கியது.

அங்கேதான் ரெனால்ட் நுழைந்தான். பையர்களின் விதிப்படி எல்லாம் இருக்கிறதா என்று சோதிக்கிற ஆடிட்டுக்குக் கம்பெனியில் அவன்தான் பொறுப்பு. வெளிநாட்டு ஆள் வருகிறார் என்றால் பத்து நாள் முன்னாலிருந்தே அவன் ராஜ்ஜியம். மணல் வாளிகளுக்குச் சிவப்புப் பெயிண்ட், எல்லார் கைக்கும் புதுக் கையுறை, கேன்டீனில் திடீரென்று தயிர். அந்தப் பத்து நாளும் காம்பவுண்டுக்குள் எதுவும் இளைத்தோ களைத்தோ தெரியக்கூடாது. குதிரையும் சரியாக அந்தப் பத்து நாளில் வந்து மாட்டிக்கொண்டது.

“இன்னாமா இது, பட்டினி போட்ட மாதிரி இருக்குது? பையர் ரூல்ஸ்ல மிருக நலன்னு ஒரு பக்கமே இருக்குது. மொதல்ல எலும்ப மூடு.”

கதையிலேயே அப்படித்தான் என்றாள் ஃபீபி. கதைக்கு ஆடிட் கிடையாது, நமக்கு உண்டு என்றான் ரெனால்ட்.

மூடினாள். தலையை நிமிர்த்தினாள். அவன் சொன்னான் என்று பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, மேலே நிழலுக்கு ஒரு மரம். நல்லவேளை, படத்தில் அந்த வீரன் இல்லை. இருந்திருந்தால் ஈட்டி முனைக்கு உறை மாட்டச் சொல்லியிருப்பான்.

முதலாளி இஷ்தியாக் அகமது முதல் படத்தைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். “அய்யோ பாவம், இத வெச்சிருந்தவன் மனுஷனா? ஒரு பிடி கொள்ளு போட மாட்டான்?” நல்ல மனுஷர், மனசார இரங்கித்தான் சொன்னார். பின்தொடைக்குச் சதையும் பிடரிக்கு மயிரும் கேட்டு வாங்கினார்.

வேலூரில் பித்தளை அச்சு வெட்டி, தோலில் அழுத்தி எடுத்தபோது, ஐயனார் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தலாம் போல ஒரு குதிரை வந்தது.

பையர் இப்போது தோல்துண்டைக் கீழே வைத்தார். இது யாருடைய குதிரை என்று ஆங்கிலத்தில் கேட்டார். கதையில் வருவது சாகக் கிடக்கிற குதிரை; உலகத்திலேயே உசத்தி என்று அதை நம்புகிறவன் அதன் எஜமான் ஒருவன்தான்; கதையின் ருசியே அதில்தான் இருக்கிறது என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

ஃபீபி யாரையும் கேட்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து தன் முதல் படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டாள். ரெனால்ட் அவளை எரித்துவிடுவது போலப் பார்த்தான்.

பையர் குனிந்தார். விலா எலும்பை விரலால் வருடினார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். இதுதான், இதேதான் என்று மூடின பேனாவைத் திறந்து படத்தின் ஓரத்தில் கையெழுத்தே போட்டுவிட்டார்.

ஆர்டர் கைக்கு வந்தாயிற்று. ஆனால் இஷ்தியாக் அகமதுவுக்கு மனசு ஆறவில்லை. போயும் போயும் ஒரு நோஞ்சான் ஜெயித்ததை அவரால் தாங்க முடியவில்லை. குதிரை என்றால் என்னவென்று காட்டுகிறேன் வாருங்கள் என்று பையரின் கையைப் பிடித்து, கம்பெனிக்குப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு நடந்தார். அங்கே கொட்டகையில் அவருடைய சுல்தான் நின்றது. அவர் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த குதிரை. இருபத்தி நாலு வருஷமாக அவரே தன் கையால் தீனி வைக்கிறார்.

பையர் படத்தையும் கையோடு எடுத்துக்கொண்டார்.

மூன்று நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் ஃபீபி உட்கார்ந்து வரைந்தது அந்தக் கொட்டகைக்கு எதிரில்தான். ஆர்டரில் கையெழுத்து பையருடையது. அவள் வேலையை நிரந்தரமாக்கப் போட வேண்டிய கையெழுத்து முதலாளியுடையது. பின்னாலேயே ஓடினாள்.

பையர் படத்தைப் பார்த்தார். சுல்தானைப் பார்த்தார். கொள்ளுக்கும் புல்லுக்கும் அங்கே குறைச்சல் இல்லை. வயசான உடம்பில்தான் ஒட்டவில்லை. படத்தில் இருந்த எலும்பு ஒன்றுகூட விடாமல் எதிரில் நின்றது.

கடைசியாக அவர் இஷ்தியாக் அகமதுவைப் பார்த்தார். அவரைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இஷ்தியாக் அகமது சுல்தானின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தபடி ஃபீபி பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

“இவ்ளோ லட்சணமான குதிர இங்கியே நிக்குது. அத வுட்டுட்டு அந்த நோஞ்சான எங்கமா போய்ப் பாத்து வரைஞ்ச?”