ஏழாவது ஜோடி

மருத்துவப் படிப்பின் முதல் வருடத்திலேயே, இதயத் துடிப்பு கேட்கப் பழகும் கூடுதல் வகுப்பிலும் அவள் சேர்ந்தாள். "மூச்சு விடவே நேரமில்லைங்கற, இது வேறயா?" என்றாள் அம்மா.

சனிக்கிழமை மதியம் ஆசிரியை வருகைப் பதிவு எடுத்தார். பதிமூன்று பேர். "ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்துக்குங்க" என்றார். யாரும் தனியாக மிஞ்சவில்லை.

தன்னோடு சேர்ந்த பெண்ணின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். இடம் மாற்றி, அழுத்தி வைத்தும் எதுவும் கேட்கவில்லை.

"எனக்குத்தான் சரியா வைக்கத் தெரியல போல."

"உன் மேல தப்பில்ல. குடு, நான் கேக்கறேன்."

அவள் சுற்றிலும் எண்ணிப் பார்த்தாள். ஏழு ஜோடிகள்.

அந்தப் பெண் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மணியடித்தும் கையை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இரு" என்றாள். "இதைக் கேட்டு எத்தனை நாளாச்சு."