அறுபத்திரண்டு கிலோ

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா. எடை மெஷின் ஒன்று பொய் சொல்லி மாட்டிக்கொண்டதாமே, அந்தக் கதையைச் சொல்கிறேன்.

“நேத்தும் அறுபத்திரண்டு, இன்னிக்கும் அறுபத்திரண்டு” என்று செல்போனைப் பார்த்துச் சிரித்தபடி, மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்தாள் நர்ஸ் ரோகிணி. ஆஸ்பத்திரியில் கொடுத்த மெஷினில் புருஷனை ஏற்றி, டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து தவறாமல் எடையை எஸ்.எம்.எஸ். அனுப்பிவந்தாள் மீன் விற்கும் கன்னியம்மா. அவளை நேரில் பாராட்டத்தான் ரோகிணி பஸ் ஏறி வந்தாள்.

உள்ளே கன்னியம்மாவின் புருஷன் பக்தவத்சலம் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வீங்கிய பாதத்தை ரோகிணி விரலால் அமுக்கினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

“எத்தனை நாளா இப்படி?”

“நாலு நாளா படுக்க முடில சிஸ்டர். படுத்தா கடல்ல முழுவுற மாரி கீது.”

ரோகிணி உடனே 108-க்குப் போன் போட்டாள். பிறகு பக்கத்தில் நின்ற கன்னியம்மாவிடம் திரும்பினாள்.

“அன்னிக்கே சொன்னேனேம்மா. இதயம் பலவீனமா இருந்தா உடம்புல தண்ணி சேரும், எடை ஏறும். ரெண்டு கிலோ கூடினாலே நாங்க போன் பண்ணி மாத்திரைய மாத்துவோம்னு.”

“நீ போனே பண்ணலியே. அதான் எல்லாம் சரியா கீதுன்னு இருந்தோம்.”

“கருவாடு ஏதாவது குடுத்தீங்களா?”

“ஒரு கல்லு உப்பு போடல. என்னத் திட்டிகினேதான் துன்றாரு.”

“ஜெயில்ல கூட இத வுட நல்லா போடுவான்” என்றார் பக்தவத்சலம், மூச்சுக்கு நடுவே.

அப்படியென்றால் மெஷின்தான் கெட்டிருக்க வேண்டும். ரோகிணி ஏறி நின்று பார்த்தாள். ஐம்பத்து நாலு, அவள் எடை அதுதான். பக்தவத்சலத்தை மெல்ல ஏற்றி நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார்கள்.

அறுபத்தேழு.

“காலையில எவ்ளோ காட்டுச்சும்மா?”

“இதே அறுபத்தேழுதான்.”

“அப்புறம் எனக்கு ஏன் அறுபத்திரண்டுன்னு அனுப்புனீங்க?”

கன்னியம்மாவின் முகம் சுருங்கிப்போனது. இருபது வருஷமாக மீன் நிறுத்துக் கொடுப்பவள்; எடையில் பொய் சொன்னாள் என்று ஒருவரும் அவளைச் சொன்னதில்லை.

“இன்னா சிஸ்டர் இப்டி கேட்டுட்ட? ஐஸ்ல கெடந்த மீன நிறுத்தா, தண்ணிக்குக் கழிச்சிட்டுத்தான எடை சொல்லணும்? அஞ்சு கிலோ அந்த ஆளு ஒடம்புல கீற தண்ணி. அதக் கழிச்சிட்டு சுத்தமான எடையத்தான் அனுப்புனேன்.”

கேட்ட உங்கள் வீட்டில் எல்லோரும் கால் வீங்காமல், மல்லாந்து படுத்து நிம்மதியாக மூச்சு விட்டுத் தூங்கட்டும்.