ஒரே பக்கமாய்ப் படுத்த கிழவர்

மூன்றாவதாக வந்தவளுக்கும் அதே நாவல்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். எதிரே, விடைத்தாள் திருத்தப் போகிறவர்போல் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஓய்வுபெற்ற பிரெஞ்சுப் பேராசிரியை.

மகன் அழைத்துவரும் பெண்களுக்கு அவர் வைக்கும் ஒரே தேர்வு அது. முதலில் வந்தவள், இது படமாக வந்திருக்கிறதா என்று கேட்டாள். அடுத்தவள் அட்டையைத் தடவிவிட்டு, ரொம்ப சோகமாக இருந்தது என்றாள். இருவரும் அப்புறம் அந்தப் படி ஏறவில்லை.

பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வந்த அந்தப் புத்தகத்தை இந்த முறை மகனே முன்கூட்டிக் கொடுத்துவிட்டான். "அவங்க படிச்சுட்டுத்தான் வருவாங்கம்மா. உனக்கு ஒத்துப்போகணும், அதுதான் முக்கியம்" என்றும் சொல்லி வைத்திருந்தான். 'அவங்க'வாம். தாலி ஏறுவதற்கு முன்பே இத்தனை மரியாதையா என்று பேராசிரியை உதட்டைப் பிதுக்கிக்கொண்டார்.

வந்தவளின் லட்சணமும் அவருக்குப் பிடிக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் தரைவிரிப்பின் மடங்கிய ஓரத்தைக் காலால் நீவிவிட்டாள். கழிவறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். வீட்டை விலை பேச வந்தவள்தான் இப்படி நோட்டம் விடுவாள். போதாததற்கு வாய் திறந்தால் அம்மா, அம்மா. அதற்குள் உறவு கொண்டாட ஆரம்பித்துவிட்டாளே என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

சரி, படித்து என்ன தோன்றியது என்று கேட்டார். கேட்கும்போதே வாய் கோணியது. தனக்கு என்ன தோன்றியது என்பதைப் பெரிய விஷயமாக எழுதிக்கொண்டு வரும் மாணவர்களோடு காலமெல்லாம் மாரடித்தவர் அவர். அழுதேன், உருகினேன், என் மாமாவின் ஞாபகம் வந்தது என்று எழுதுகிறவர்களை அவர் வாசகர்களாகவே மதித்ததில்லை.

நாவலில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு கிழவர் தன் அறையில் ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருப்பார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவ்வளவுதான். அதைப் பற்றிப் பேராசிரியை எழுதிய கட்டுரையை அயல்நாட்டு மாநாடு ஒன்றில் எழுந்து நின்று பாராட்டியிருந்தார்கள்.

பெண் கொஞ்சம் யோசித்தாள். "அவர் ஆரம்பத்துலேர்ந்தே ஒரே பக்கமா படுத்திருக்காரும்மா. முதுகுல புண்ணு வந்திருக்கும். யாராவது திருப்பிப் படுக்க வெச்சிருக்கலாம்."

பேராசிரியை சிரித்தார். சிரிப்பில் ஈரம் இல்லை. "படுத்திருக்கிறது கிழவர் இல்லை. காலம். நவீன பிரெஞ்சு இலக்கியத்துல ஒரு மனுஷன் படுத்தான்னா படுத்தான்னு அர்த்தம் இல்லை."

"இருக்கலாம்மா. ஆனா நாக்கு வறண்டு போச்சுன்னு எழுதியிருக்கே. ஒரு வாய் தண்ணிகூட யாரும் குடுக்கலை."

ஒரு தலைமுறை விமரிசகர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட வரி அது. மொழியின் வறட்சி பற்றியது. இவளுக்குத் தண்ணீர் வேண்டுமாம். எது வரை படித்தாய் என்று அவர் கேட்க, முழுவதும் இரண்டு தடவை படித்ததாக அவள் சொன்னாள். இரண்டு தடவை படித்த பிறகுமா இப்படி என்று அவர் வாய்விட்டே கேட்டார். அவள் முகம் வாடவில்லை. அது அவரை இன்னும் சீண்டியது.

"இன்னொண்ணும்மா. படியில சத்தம் கேட்டா அவர் மூச்சைப் பிடிச்சுக்கிறார். யாரோ வரணும்னு காத்துக்கிட்டு இருக்கார். அதை வாயைத் திறந்து சொல்லத்தான் அவருக்கு வரலை."

பேராசிரியை மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். மகன் வேலையிலிருந்து தாமதமாக வரும் நாட்களில் பூட்டில் சாவி திரும்பும் சத்தத்துக்காகத் தான் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருப்பது என்னவோ நினைவுக்கு வந்தது. அதை அவர் உடனே துரத்தினார். தன் கதையைப் புத்தகத்துக்குள் தேடுவது மட்டமான வாசிப்பு என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அல்லவா.

"நீ படிச்சது நாவல் இல்லைம்மா. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்" என்றார். அவள் லேசாகச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. போன மாதம் வழுக்கி விழுந்ததிலிருந்து பக்கத்தில் வைத்திருக்கும் கைத்தடியைத் தரையில் தட்டி மகனைக் கூப்பிட்டார். பால்கனியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் பேசுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தவன் உள்ளே வந்தான்.

பெண்ணை வைத்துக்கொண்டே பேராசிரியை கொட்டித் தீர்த்தார். ரசனை கிடையாது, நுட்பம் கிடையாது, உலகமே மெச்சிய கிழவரைப் பார்த்தால் இவளுக்குப் படுக்கைப் புண் ஞாபகம் வருகிறது என்றார். முந்தைய இரண்டு பேரும் இவளுக்குத் தேவலை என்றார். மகன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீயே சொல்லுடா. இவகூட ஒரே வீட்டுல காலம் தள்ள முடியுமா?"

மகன் அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே, சொல்லிவிடுங்கள் என்றாள். அவன் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, சின்ன வயதுக்குப் பிறகு முதல் முறையாக, அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வெளிநாட்டு வேலைக்குச் சரின்னு சொல்லிட்டேம்மா. இவங்க நர்ஸ். இவங்ககூட இருக்கப் போறது நான் இல்லை, நீ."