லேட்டா வந்த வண்டி

“அன்னைக்கு எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் மாமா லேட்டா வந்தீங்க?”

பொம்மு எழுந்து நின்று கேட்டாள்.

அதுவரை ஒரே கும்மாளம். ‘நமக்கு உதவுபவர்கள்’ பாடத்துக்காக மழலை வகுப்பு மிஸ் அந்த வாரம் முழுக்க ஆட்களைக் கூட்டி வந்துகொண்டிருந்தார். திங்களன்று தபால்காரர் வந்தார். எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் லெட்டரே குடுக்கிறதில்லை என்று பிள்ளைகள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

இன்று ஆம்புலன்ஸ் டிரைவரும், வண்டியில் கூட வரும் நர்ஸும். சைரனை ஒரே ஒரு தடவை போடச் சொல்லி ஒருத்தன் நச்சரித்தான். பரீட்சை அன்னைக்கு வயிறு வலிச்சா இந்த வண்டியிலேயே படுத்துக்கலாமா என்று இன்னொருத்தன் விவரமாகக் கேட்டு வைத்துக்கொண்டான். டிரைவர் எல்லாவற்றுக்கும் சளைக்காமல் பதில் சொன்னார்.

அப்போதுதான் பொம்மு இதைக் கேட்டாள்.

போன வருடம் அவள் அப்பா நெஞ்சு வலி என்று ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிவிட்டு அப்படியே சரிந்தபோது, வீட்டில் அவரும் அவளும் மட்டும்தான். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். வண்டி நேரத்துக்கு வந்திருந்தா மனுஷன் பிழைச்சிருப்பாரே என்று அம்மா, பொம்முவுக்குப் போன வருடமும் மிஸ்ஸாக இருந்த இவரிடம் எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறாள்.

டிரைவர் பொம்மு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

“மாமா மேலதான் தப்பு கண்ணு. வழி தெரியாம வேற தெருவுக்குப் போயிட்டேன்.”

“இனிமே யார் வீட்டுக்கும் அப்படி வராதீங்க.”

“சரிடா தங்கம்.”

மிஸ்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளைகளை ஆயாவோடு விளையாட அனுப்பிவிட்டு, டிரைவரை வராந்தாவில் நிறுத்திப் பிடிபிடியென்று பிடித்தார். ஒரு வீட்டுக்கு வழி விசாரிக்கக்கூடத் தெரியாதவருக்கு எதற்கு இந்த வேலை என்றார். தகப்பனைத் தொலைத்த குழந்தையிடம் இவ்வளவு சாதாரணமாக எப்படிச் சொல்ல முடிந்தது என்றார்.

“உங்களைக் காட்டி, இவங்கதான் உயிரைக் காப்பாத்துறவங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன் பாருங்க. என்னைச் சொல்லணும்.”

“நீங்க சொல்றது சரிதான் மிஸ்.” டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.

நர்ஸுக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஏண்ணே, இன்னும் எத்தனை பேர்கிட்ட வாங்கிக் கட்டிக்கப் போறீங்க?”

“விடும்மா. கிளம்பு.”

அவள் விடவில்லை. போன் வந்த எட்டாவது நிமிடம் பொம்மு வீட்டு வாசலில் நின்றதை மிஸ்ஸிடம் சொன்னாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. எம்பினால் பொம்முவுக்கு எட்டுகிற தாழ்ப்பாள்தான். எவ்வளவு கெஞ்சியும் அவள் திறக்கவில்லை. அது இரும்புக் கதவு. கடப்பாறைக்கு அலைந்து, உடைத்து உள்ளே போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த விஷயம் தெரிந்தால் அழுகிற வேகத்தில் பெற்றவளே ஒரு நாள் பிள்ளையைச் சொல்லிக்காட்டிவிடுவாளோ என்று டிரைவருக்குப் பயம். வழி தவறி லேட்டாகத்தான் வந்தேன், தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்கள்.

“இப்ப அந்தப் புள்ளைக்கே எதுவும் ஞாபகமில்லை மிஸ். அப்படியே இருக்கட்டும்,” என்றார் டிரைவர்.

மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கை கூப்பப் போனவர் நின்றார்.

“எட்டுற தாழ்ப்பாளைப் பொம்மு ஏன் திறக்கலை?”

“சின்னப் புள்ளைதானே, பயந்திருக்கும்.” டிரைவர் அவசரமாக நர்ஸுக்குக் கண்ணைக் காட்டினார்.

அதற்குள் அவள் வாய் முந்திக்கொண்டது.

“பயமெல்லாம் இல்லண்ணே. தெரியாதவங்க யார் வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாதுன்னு எங்க மிஸ் சொல்லியிருக்காங்கன்னு, ஜன்னல்ல நின்னு தெளிவாத்தானே சொல்லுச்சு.”