விமலா கலக்கிய தண்ணி

தனேஸ்வரன் ரத்த வாந்தி எடுத்த செய்தி சுங்கை சிப்புட்டில் பரவுவதற்குள், அவர் திருட்டுக் குடிகாரர் என்ற செய்தி அதை முந்திக்கொண்டு போய்விட்டது.

ஊர் சும்மா இருக்குமா? வருஷா வருஷம் கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடித்து, "குடி குடியைக் கெடுக்கும்" என்று தொண்டை கிழியக் கத்துகிற மனிதர். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் தலைவர் தேர்தல். அவருக்குப் போட்டியே இல்லை. லோரி ஓட்டத் தொடங்கிய காலத்திலிருந்து அவர் ஆசைப்பட்ட பதவி அது. பார்த்தால், இப்போது ஈரல் கெட்டு ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

முதல் ஆளாக ஓடிவந்தவர் பிச்சைமுத்து. அந்த மைக்கில் அதிகமாகத் திட்டு வாங்கியவரும் அவர்தான்.

"ஏன் அண்ணே, எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? சேர்ந்தே குடிச்சிருப்போம்."

"வாய மூடுங்க!" தனேஸ்வரன் மனைவி விமலா சீறினாள். "என் வீட்டுக்காரருக்குப் பீர் வாடையே ஆகாது."

டாக்டர் ஷாமினி வந்தார். கோலாலம்பூரில் ஆங்கிலத்திலேயே வளர்ந்த சின்னப் பெண். பேசுகிற தமிழெல்லாம் சினிமா பார்த்துக் கற்றது.

சட்டையைத் தூக்கிப் பார்த்தார். கை குச்சியாக, வயிறு பானையாக இருந்தது. தொப்புளைச் சுற்றி நாலா பக்கமும் நீல நரம்புகள் புடைத்து ஓடின.

"அங்கிள், தண்ணி குடிப்பீங்களா?"

விமலாதான் முந்திக்கொண்டாள். "குடிப்பாரு டாக்டர். நாந்தான் கலக்கிக் கொடுப்பேன்."

"நீங்களேவா?"

"பின்ன? விடிஞ்சதும் ஒண்ணு. பசியாறும்போது ஒண்ணு. படுக்கும்போது ஒண்ணு உள்ள போனாத்தான் அவருக்குத் தூக்கமே வரும். கெட்டியா இருக்கணும்."

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. "லோரி டிரைவர்னு எழுதியிருக்கே, ஓட்டும்போது?"

"அதுக்குத் தனியா ஃபிளாஸ்க்குல ஊத்திக் கொடுத்துடுவேன். அத குடிச்சாத்தான் தூங்காம ஓட்டுவாரு."

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். பிச்சைமுத்து முகத்தில் அப்படி ஒரு பொறாமை. இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்?

தனேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டார். "டாக்டர், எங்க ஊருல தண்ணின்னா தேத்தண்ணி! டின்பால் ஊத்துன தே!"

டாக்டர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"ஹைவேயில, மெனோரா சுரங்கத்துல ஜாம்னா லோரிய எப்படி விடுவீங்க அங்கிள்?"

"பழைய ரோட்டுல பூந்து எங்க ஊரு வழியா வந்துடுவேன்."

"உங்க ரத்தமும் அதைத்தான் செய்யுது. ஈரல் இறுகிப்போச்சு, அந்த வழியா போக முடியல. அதனால தொப்புள் பக்கம், சாப்பாட்டுக் குழாய் பக்கம்னு சின்ன ரோட்டுல பூந்திருக்கு. சின்ன ரோடு எவ்வளவு தாங்கும்? ஒண்ணு வெடிச்சிடுச்சு. அதான் ரத்த வாந்தி. வயித்துல கட்டியிருக்கிறது வெறும் நீர்."

"ஏன் டாக்டர் ஈரல் இறுகுச்சு?" விமலா கேட்டாள்.

"நாளைக்கு ரிசல்ட் வந்துடும். சொல்றேன்."

மறுநாள் விமலாவும் பிச்சைமுத்துவும் கேன்டீனில் கஞ்சி வாங்கித் திரும்பியபோது டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நானே சொல்றேன் டாக்டர்," என்றார் தனேஸ்வரன். "விமலா, ஊரு பேசுறது உண்மைதான். உனக்குத் தெரியாம நான் பீர் குடிச்சேன்."

விமலாவின் முகம் செத்துப்போனது.

பிச்சைமுத்துவுக்கோ தொழில் சந்தேகம். "எங்கண்ணே குடிச்சீங்க?"

"நம்ம... கௌஸ் பாய் கடையில."

"முஸ்லிம் கடையில பீரா!"

"இல்ல, அங்க ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டு, பக்கத்துச் சீனன் கடையில..."

"பக்கத்துல டயர் கடைலா இருக்கு!"

"பின்னாடி பிச்சை, பின்னாடி! குடிகாரனுக்கு வழியா ஞாபகம் இருக்கும்?"

இது பிச்சைமுத்துவுக்கு நியாயமாகப் பட்டது. அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். கோயில் கமிட்டிக்குச் சேதி போயாக வேண்டுமே.

விமலா ஃபிளாஸ்க்கைத் திறந்து, இருந்த தேயை எல்லாம் சிங்கில் கவிழ்த்தாள்.

"நான் கலக்குன தண்ணி பத்தலன்னு வெளிய போய் வேற குடிச்சீங்களா? இனிமே உங்களுக்கு டின்பாலும் இல்ல, சீனியும் இல்ல. வெறும் சுடுதண்ணிதான்! குடிகாரருக்கு எதுக்கு இனிப்பு?"

முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே போனாள்.

"நான் சொல்ல வந்த பத்தியத்த அவங்களே சொல்லிட்டாங்க," என்றார் டாக்டர். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன் அங்கிள் பொய் சொன்னீங்க? உங்களுக்கே தெரியாம பல வருஷமா இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, இருந்திருக்கு. அந்தத் தேயும் சேர்ந்து ஈரல்ல கொழுப்பு கட்டித்தான் இப்படி ஆச்சு. இப்பதானே விளக்கமா சொன்னேன்? உண்மையச் சொல்லியிருந்தா ஞாயித்துக்கிழமை தலைவராகியிருப்பீங்க."

தனேஸ்வரன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிகாரன்னா என்னைய திட்டுவா டாக்டர், அப்புறம் மன்னிச்சிடுவா. கல்யாணமான நாள்லேருந்து ஆசையா கலக்கிக் கொடுத்த கை அது. அந்தக் கைதான் காரணம்னு தெரிஞ்சா, அந்தக் கையால அவ எப்படிச் சோறு அள்ளித் தின்பா?"